கார்டில் இல்லாத ஏழு நிமிடங்கள்

முதல் ஃபைல் வந்தது வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்று கேட்டால் அரவிந்தனால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. வெள்ளி என்றால் ஒரு நாள் இடிக்கிறது. வியாழன் என்றால் அன்று மனைவி வித்யா ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்ததாக அவனுக்கு இருக்கும் ஞாபகம் தப்பாகிவிடுகிறது. நாள்கள் விஷயத்தில் தன் நினைவை நம்புவதை அவன் விட்டுவிட்டான். சாயங்காலம் என்பது மட்டும் நிச்சயம். பால்கனியில் வித்யா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே காட்டுப்பாக்கம் மெயின் ரோட்டில் தண்ணீர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்தன. அவன் பீரோ லாக்கரிலிருந்து பழுப்புக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்த மெமரி கார்டை லேப்டாப்பில் செருகினான்.

கார்டில் ஒரே ஒரு ஃபைல்தான் இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் ஒரு வருஷத்துக்கு முன்பே அவன் அழித்துவிட்டிருந்தான். அதன்பிறகு அந்தக் கார்டு எந்தக் கேமராவுக்குள்ளும் போகவில்லை, கவரை விட்டு வெளியே வரவும் இல்லை. அடுத்த புதன்கிழமை பூந்தமல்லி கோர்ட்டில் அசல் கார்டையே காட்ட வேண்டும், ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் போன் செய்திருந்ததால்தான் எடுத்தான்.

இரண்டு ஃபைல்கள் இருந்தன.

முதலாவது அவனுக்குத் தெரிந்தது. மார்கழி மாதத்துக் காலை, ஆறு பதினாலு. அரக்கோணத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போன வித்யாவை ஆவடி ஸ்டேஷனில் விட்டுவிட்டு அவன் காரில் திரும்பிக்கொண்டிருந்தான். பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்திலிருந்து பனி புகைபோல எழுந்து ரோட்டை மூடியிருந்தது. கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் ஊர்கிற மாதிரிதான் ஓட்டினான். அவன் வேகமாகப் போகவில்லை. இதை முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவும் சொன்னது. பனிக்குள்ளிருந்து எதிர்த்திசையில், வரக்கூடாத பக்கத்தில், ஒற்றை விளக்கோடு ஒரு ஸ்கூட்டர் வந்தது. யூ டர்ன் வரை போகச் சோம்பல்பட்டு எல்லோரும் வருகிற வழிதான் அது. அவன் பிரேக்கை மிதிக்கும்போதே இடித்த சத்தம் கேட்டது. அத்தோடு அந்த ஃபைல் முடிகிறது.

ஸ்கூட்டரில் வந்தவர் கஜபதி. ஐம்பத்துநாலு வயது. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. ராத்திரி ஷிஃப்ட் முடித்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்.

அந்த ஒரு நிமிட வீடியோ அரவிந்தனைக் காப்பாற்றியது. விசாரிக்க வந்த இன்சூரன்ஸ் அதிகாரி சுப்பராயன் அதை மூன்று முறை போட்டுப் பார்த்தார். தாட்டியான உடம்பு, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. முன்பெல்லாம் என்ன நடந்திருந்தாலும் பெரிய வண்டிக்காரன் மேலேதான் பழி விழும், நாலு சாட்சி நாலு விதமாகச் சொல்வான், இப்போது கண்ணாடியில் ஒட்டிய இந்தக் கட்டைவிரல் அளவுச் சாமான் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் ஒன்று மாட்டிவிட்டால் தனக்கு வேலையில்லை, வீட்டில் படுத்துத் தூங்கலாம் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் நோட்டைப் பார்த்தார்.

"வீடியோல ஆறு பதினஞ்சுக்கு இடிக்குது. நூத்தியெட்டுக்கு நீங்க போன் போட்டது ஆறு இருவத்திரெண்டு. நடுவுல ஏழு நிமிசம் இன்னா சார் பண்ணிக்கினு இருந்தீங்க?"

கேமராவின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்னால் ஓடுகிறது என்று அரவிந்தன் சொன்னான். உடனே போன் செய்துவிட்டதாகவும் சொன்னான். சுப்பராயன் காருக்குள் தலையை நீட்டி, கேமராவின் நேரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். சரியாக ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது.

"நம்ம ஆபீஸ் மாதிரியே கீதே" என்றபடி எழுதிக்கொண்டார்.

அவர் வருவதற்கு முந்தின நாள்தான் அரவிந்தன் அந்தக் கடிகாரத்தை ஏழு நிமிடம் பின்னால் திருப்பி வைத்திருந்தான்.

நடந்தது இதுதான். டேஷ்கேம் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் ஹேமநாதன் என்பவர், அவன் நேரில் பார்த்தே இராத ஒருவர், திரும்பத் திரும்ப ஒரு அறிவுரை எழுதுவார். விபத்து என்றால் முதலில் கார்டைக் கழற்று. கூட்டம் சேர்ந்தால் பிடுங்கிவிடுவார்கள். கார்டுதான் உன் உயிர். எல்லோரும் கும்பிடு போட்டு ஆமோதிப்பார்கள். இடித்ததும் அரவிந்தனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. நகத்தால் கார்டை அமுக்கினான். அது துள்ளி, விரல்களில் நிற்காமல், சீட்டுக்கு அடியில் விழுந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுக் குனிந்து, போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தேடினான். வெளியே ஒரு குரல் கேட்டது. கேட்டது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. போன் கையில்தான் இருந்தது. ஏழு நிமிடமும் அது டார்ச்சாகவே இருந்தது.

கார்டு கிடைத்து அவன் இறங்கிப் போனபோது கஜபதிக்கு மூச்சில்லை. ரத்தம் நிறைய வெளியேறியதால் மரணம் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள்.

இரண்டாவது ஃபைலின் மேல் ஆறு பதினைந்து என்று நேரம் இருந்தது. அரவிந்தன் அதைத் திறந்தான். பனி. கோணலாகக் கிடக்கும் ஸ்கூட்டர். சுற்றிக்கொண்டேயிருக்கும் பின்சக்கரம். சுமார் பதினைந்து அடி தள்ளி, வெளிச்சத்தின் விளிம்பில், சாம்பல் நிறச் சட்டையோடு ஒரு உருவம். காருக்குள் யாரோ வாயால் மூச்சுவிடும் சத்தம். பிறகு நகம் படும் ஒலி, 'டக்' என்று கார்டு வெளியே துள்ளும் ஒலி. ஃபைல் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கார்டு இல்லாத கேமரா எதில் எழுதியது? முழு நிமிடமும் ஓடி முடிந்தது.

அவன் அதை அழித்தான். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தான். வித்யா துணிக் குவியலோடு உள்ளே வந்து, என்ன முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். கண் எரிகிறது என்றான்.

மறுநாள் கார்டில் மூன்று ஃபைல்கள் இருந்தன.

ஆறு பதினாறு. ஸ்கூட்டரின் சக்கரம் நின்றுவிட்டிருந்தது. கண்ணாடியில் டார்ச்சின் வெளிச்சம் கீழிருந்து மேலேறி அலைந்தது. அவனுடைய குரலே முனகியது, எங்க விழுந்துச்சு, எங்க விழுந்துச்சு, என்று. அந்தக் குரலைக் கேட்க அவனுக்குக் கூசியது. யாரோ செத்துக்கொண்டிருக்கும்போது காசைத் தொலைத்தவனின் குரல் போல இருந்தது.

மூன்றாம் நாள், ஆறு பதினேழில், ஜன்னலின் இரண்டு விரல் இடைவெளி வழியாக அந்தச் சொல் வந்தது. 'தம்பி.' சத்தமாக இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி, தொந்தரவு கொடுக்க மனமில்லாத குரல். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும், 'தம்பி.'

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வித்யா கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் ஃபேன் சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஆறு பதினெட்டில் அந்தக் குரல், "ஊட்டுக்கு ஒரு போன் போடுப்பா" என்றது. பிறகு எண்களைச் சொல்லத் தொடங்கியது. ஒம்போது. மூச்சு. எட்டு. நீண்ட மூச்சு. நாலு. அரவிந்தனுக்கு இது தெரியும். அன்று காலை சீட்டுக்கு அடியில் குனிந்தபடி இதையெல்லாம் அவன் கேட்டான். எண்களைக் கேட்டான். கேட்டுக்கொண்டே, டார்ச் வெளிச்சத்தை மிதியடியின் ஓரமாக நகர்த்தினான்.

கார்டை உடைத்துவிடலாம். அதை அவன் யோசிக்காமலில்லை. ஆனால் அசல் கார்டு இல்லையென்றால் கஜபதியின் மனைவி போட்ட நஷ்டஈட்டு வழக்கில் தன் தரப்பு நிற்காது, ஏன் இல்லை என்று கேள்வி வரும், ஏழு நிமிடம் வெளியே வரும். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாலும் வெளியே வரும். கோர்ட்டில் கஜபதியின் மனைவி முன்னால், வித்யா முன்னால், அந்தக் குரல் எண்களைச் சொல்லும். உண்மையைத் தானே முன்னால் போய்ச் சொல்லிவிடலாம் என்பது மூன்றாவது வழி. அந்த நினைப்பு ராத்திரியில் வந்து காலையில் போய்விடும்.

ஐந்தாம் நாள் அவன் தெரிந்துகொண்டது அவனுக்கே தெரியாத ஒன்று.

அன்று அவன் இறங்கிப் போனபோது கஜபதி காரின் பம்பரை ஒட்டிக் கிடந்தார். ஒரு கை நம்பர் பிளேட்டின் மேல் இருந்தது. பதினைந்து அடி தள்ளி விழுந்தவர் அங்கே எப்படி என்று அப்போது ஒரு கணம் தோன்றியது. பிறகு போலீஸ், கூட்டம், எல்லாவற்றிலும் அது போய்விட்டது. அதற்கான பதில் ஆறு பத்தொன்பதில் இருந்தது. சாம்பல் சட்டை அசைந்தது. முழங்கையை ஊன்றியது. காரின் வெளிச்சத்தை நோக்கி, ஒரு காலை இழுத்துக்கொண்டு, நின்று நின்று, ஈரத் தாரில் வந்தது. முகம் வெளிச்சத்துக்குள் வந்தபோது அதில் கோபம் இல்லை. உதவி செய்ய வரப்போகிறவனைப் பார்க்கிற முகம். காருக்குள் அரவிந்தனின் குரல், எங்க விழுந்துச்சு, என்றது.

அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. வித்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் மேல தப்பில்லன்னு வீடியோவே சொல்லுதுல்ல அரவிந்த். அப்புறம் என்ன?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். கேஸ் முடிஞ்சா சரியாயிடும் என்றான்.

ஆறாவது நிமிடம். ஆறு இருபது. ரோட்டில் யாருமில்லை. ஸ்கூட்டர் இருந்தது, பனி இருந்தது, சாம்பல் சட்டை இல்லை. பம்பருக்கு அருகே மறைந்திருக்கலாம் என்று அவன் நினைத்துக்கொள்ள முயன்றான். அப்போது கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. முன்கதவு இல்லை. மெதுவாக, தூங்குகிறவர்களை எழுப்பாத கவனத்தோடு, கதவு சாத்தப்பட்டது. சீட்டின் ஸ்பிரிங் அழுந்தியது. யாரோ உட்கார்ந்தார்கள். பிறகு ஜன்னலுக்கு வெளியிலிருந்து இல்லாமல், மைக்குக்கு மிக அருகில், குரல். ஒம்போது. எட்டு. நாலு.

அரவிந்தனின் பழைய குரல் தேடிக்கொண்டேயிருந்தது.

புதன்கிழமை விடிந்தபோது கார்டில் எட்டு ஃபைல்கள். கடைசியை அவன் திறக்கவில்லை. கவரில் போட்டு ஒட்டினான். வித்யா லீவு போட்டுக் கூட வருவதாகச் சொன்னதை வேண்டாமென்றான்.

கோர்ட்டில் ஃபேன்கள் சுற்றின. பழைய காகித வாசனை, யாரோ கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தின் வாசனை. ரேணுகா, கஜபதியின் மனைவி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஊழியர் ஒருவர் கவரைக் கிழித்துக் கார்டை லேப்டாப்பில் செருகினார். திரை அரவிந்தன் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.  இப்போது வரும். எட்டும் வரும். ஒருவேளை வந்துவிட்டால், தானாக எதையும் சொல்லவேண்டியிருக்காது என்று ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அவன் அதற்காக ஏங்கினான்.

திரையில் ஒரு ஃபைல் இருந்தது.

ஒரு நிமிடம் ஓடியது. பனி, ஒற்றை விளக்கு, இடி. ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய வக்கீல் எழுந்து, ஆம்புலன்ஸுக்கு எப்போது போன் செய்தீர்கள் என்று கேட்டார். உடனே என்றான் அரவிந்தன். கேமராவின் கடிகாரம் பற்றி சுப்பராயன் எழுதியிருந்த அறிக்கையைக் கம்பெனி வக்கீல் காட்டினார். கார்டைக் கோர்ட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

வெளியே வராந்தாவில் ரேணுகா அவனுக்காக நின்றிருந்தாள். சண்டைக்கு வரவில்லை என்று முதலிலேயே சொன்னாள். ராங் சைடில் போகாதே என்று எத்தனையோ முறை அவரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும் என்றாள்.

"அந்தாளு போன்ல என் பேரு போட்டு வெச்சுக்க மாட்டாரு. உன் நம்பரு எனக்கு மனப்பாடம்டீம்பாரு. அன்னிக்கு அவரு போனு நொறுங்கிப்போச்சு. உங்களாண்ட ஊட்டுக்குப் போன் போடச் சொன்னாரா சார்?"

அவள் கண்கள் அவன் வாயையே பார்த்தன. வராந்தாவின் கோடியில் கோர்ட் டவாலி யாருடைய பெயரையோ கூப்பிட்டார். ஒம்போது, எட்டு, நாலு. நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் போதும்.

"இல்லம்மா. விழுந்த உடனே நினைவு போயிடுச்சு. ஒண்ணும் சொல்லல."

 ரேணுகா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ வலி தெரியாமதான் போயிருக்காரு. நீயாவது பக்கத்துல இருந்தியே நைனா" என்று அவன் கையைப் பிடித்து, விட்டுவிட்டுப் போனாள்.

பகல் மூன்று மணி. வெயில். கார் மரத்தடியில் சூடேறி நின்றது. கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்தது வெயில் காற்றல்ல. குளிர்ந்த, ஏரி வாசனையுள்ள காற்று. அவன் உட்கார்ந்தான். கேமரா விழித்துக்கொண்டு, கார்டு இல்லையென்று ஆங்கிலத்தில் பெண் குரலில் அறிவித்தது. அதன் சின்னத் திரையில் எதிரே நிற்கும் மரமும் மதிலும் தெரிய வேண்டும்.

திரையில் பனி.

கையிலிருந்த சாவி நழுவியது. சீட்டுக்கு அடியில் விழுந்து, எதிலோ பட்டு, நின்றது. சிணுங்கவில்லை. துணியில் விழுந்தது போல.

கதவைத் திறந்து ஓடிவிடலாம். ஓடியிருக்கலாம். அவன் குனிந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டான். போனை எடுத்தான். டார்ச்சைப் போட்டான். எல்லாவற்றையும் உடம்பே செய்தது. உடம்புக்கு இது தெரிந்திருந்தது.

சீட்டின் அடி. தூசி. ஒரு டோல் ரசீது. சீட்டு நகர்கிற இரும்புத் தண்டவாளங்கள் இரண்டு. அவற்றுக்கு நடுவே, பின்னால், பின்சீட்டின் கால்மிதி.

அங்கே இரண்டு பாதங்கள்.

ஒன்றில் தொழிற்சாலை பூட்ஸ். மற்றதில் வெறும் காலுறை. ஈரம். விரல்கள் மெல்ல மடங்கின, நிமிர்ந்தன. நெடுநேரம் காத்திருப்பவரின் கால்கள். சாவி பூட்ஸின் மேல் கிடந்தது.

ஒம்போது.

அவன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் கண்ணாடி. கண்ணாடியில் பின்சீட்டு.

எட்டு.

மூச்சு.

நாலு.

சாயங்காலம் ஐந்தரைக்கு கோர்ட்டு வாட்ச்மேன் கேட்டைப் பூட்ட வந்தபோது அவனை அப்படியே கண்டார்.

தீர்ப்பு பங்குனியில் வந்தது. தவறில் பாதி கஜபதியின் மேல் என்று எழுதியிருந்தது. ரேணுகா கிடைத்ததை வாங்கிக்கொண்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மேனாம்பேட்டில் மகள் வீட்டோடு இருக்கிறாள். சுப்பராயன் ஓய்வு பெற்றுவிட்டார். காரை வித்யா மண்ணூர்பேட்டையில் ஒரு டிராவல்ஸ்காரருக்கு விற்றாள். வண்டியைப் பற்றி அவர் இதுவரை ஒரு குறையும் சொல்லவில்லை. வித்யா அரக்கோணத்திலிருந்து வேலைக்குப் போய்வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பாக்கம் வந்து சமைத்து வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் போய்விடுகிறாள்.

அரவிந்தன் அந்த வீட்டில்தான் இருக்கிறான். முதுகெலும்பில் கோளாறு எதுவும் இல்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், ஆனாலும் அவன் நிமிர்ந்து நடப்பதில்லை. படுப்பது தரையில். தினமும் விடியும் நேரத்தில், அவன் வேண்டாமென்று நினைத்தாலும், கழுத்து கட்டிலின் அடிப்பக்கம் திரும்பிவிடுகிறது. மறுபுறத்தில் அந்தப் பாதங்கள் நிற்கின்றன. இப்போது குரல் இல்லை. அவர் ஒன்றும் சொல்வதில்லை. பல மாதங்கள் பாதங்கள் மட்டும்தான். நேற்று இரண்டு முழங்கால்கள் தரையில் ஊன்றியிருந்தன.

இன்று காலை ஒரு கையும்.